வணிகரும் சமூக ஊடகமும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,890 மீற்றர். ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் இவ்வூரில் இராத் தங்குவதுண்டு. உலக முடிவுப் பள்ளத்தாக்கை முற்பகலிலேயே பெரும்பாலும் மூடுபனி மறைத்துவிடுமாதலால், அவர்கள் விடியுமுன் புறப்பட வேண்டும். அவர்களுக்கும் முன்னே விடுதிக்காரர் விழித்தாக வேண்டும். இத்தகையவருக்குச் சமூக ஊடகத்திற் செலவிட நேரமேது?

நேரம் குறைவாயினும் பயன்பெற வழியுண்டு. 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன், தொழில் புரிவோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கென்றே அமைந்த தளம். ஆயிரம் பேர் பாராட்டுவதைக் காட்டிலும், விருந்தினரை அனுப்பக்கூடிய கொழும்புப் பயண முகவர் பத்துப்பேர் அறிந்திருப்பது மேல்.

முதலாவதாக, விடுதியின் பெயர், இடம், அறைகளின் தொகை, தொடர்பு கொள்ளும் வழி ஆகியன முகப்பிலே தெளிவாயிருத்தல் வேண்டும். இரண்டாவதாக, வாரத்தில் இரு மாலைகளில் அரை மணி நேரம் ஒதுக்கினாற் போதும். மூன்றாவதாக, எழுதுவது படிப்போருக்கு உதவ வேண்டும்: எந்நேரம் புறப்படுவது, குளிருக்கு என்ன உடுப்பது, மழை நாளில் எங்கே செல்வது என்பன போல. நான்காவதாக, கேட்டவருக்குத் தாமதியாமல் விடை தருதல் வேண்டும். விடை காணாதவர் அடுத்த விடுதியை நாடிவிடுவார்.

வெந்நீர் இல்லாத அறையில் வெந்நீர் உண்டென்று எழுதினால் என்னாகும்? பட்டிப்பொலக் குளிரில் அப்பொய் ஓரிரவிலே வெளிப்பட்டுவிடும். அனுப்பிய முகவர் மீண்டும் எவரையும் அனுப்பார். வணிகரின் முதல் நாணயமே. அதனைத் தொலைவிலுள்ளோர்க்கு அறிவிக்கும் வாயில் ஊடகம்.