தேசிக்காயின் கசப்பு

உணவுக்கு முன் பசியைத் தூண்டுவதற்காக அருந்தப்படும் பானத்தை இத்தாலியர் அபெரித்திவோ என்பர். திறத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1860இல் நொவாரா நகரில் கஸ்பாரே கம்பாரி உருவாக்கிய செந்நிறக் கசப்பு மதுவையும், மூலிகையிட்ட இனிப்பு வைனாகிய வெர்மூத்தையும் 30 மில்லிலீற்றர் வீதம் பனிக்கட்டியின்மேல் ஊற்றி, சிறிது சோடாவும் ஒரு தோடம்பழத் துண்டும் சேர்த்தால் அமெரிக்கானோ என்னும் பானம் ஆயத்தமாகிவிடும். வெர்மூத்துகள் பலவற்றுக்குக் கசப்பூட்டும் சிங்கோனாப் பட்டை இலங்கைக்கும் புதிதன்று. அம்மரத்தைப் பயிரிடவே 1861இல் ஹக்கலவில் அரச தோட்டம் அமைக்கப்பட்டது.

இத்தாலியர் தேடிச் சேர்க்கும் அக்கசப்பை, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாகம் தணிக்கும் தேசிக்காய்த் தண்ணீரில் எவரும் விரும்புவதில்லை. ஆயினும் சேர்ப்பதற்கும் விலக்குவதற்கும் வேண்டிய அறிவு ஒன்றே. தேசிக்காயின் புளிப்பு சாற்றிலுள்ள சித்திரிக்கமிலத்தால் வருவது. மணத்தின் பெரும்பகுதியோ பச்சைத் தோலின் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் லிமொனீன் முதலிய பொருள்களாக அடங்கியுள்ளது. கசப்பு சற்றுத் தாமதித்தே வரும்: விதையிலும் தோலின் உட்புற வெண்பகுதியிலும் கசப்பற்ற நிலையிலிருக்கும் ஒரு பொருள், அவை நசுங்கும்போது சாற்றில் கலந்து, அமிலத்தின் தாக்கத்தால் மெல்ல மெல்ல லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. காலையில் பிழிந்த சாறு மதியத்தில் கசப்பதற்குக் காரணம் இதுவே.

எனவே பழத்தை நன்கு கழுவி, பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, இரண்டு தேக்கரண்டி சீனியுடன் விரல்களால் கசக்கிப் பத்து நிமிடம் வைத்தால், தோலின் எண்ணெயைச் சீனி ஈர்த்துக்கொள்ளும். பிறகு பழத்தைக் குறுக்கே வெட்டி, விதைகளை நீக்கி, மிகையாக அழுத்தாமல் பிழிந்து, ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்கி வடிக்கலாம். ஒரு சிட்டிகை உப்பு எஞ்சிய கசப்பையும் மட்டுப்படுத்தும். இத்தாலியச் சுவையை மதுவின்றியே பெற விரும்புவோர், தண்ணீருக்குப் பதில் சோடாவை ஊற்றி, தோடம்பழத் தோலொன்றை வெண்பகுதியோடு அதில் சற்று ஊறவைத்தால் போதும். இவ்வளவு மணமுள்ள தோலைச் சாறு பிழிந்ததும் எறிந்துவிடுவது பெரிய இழப்பாகும்.

தேசிக்காயின் தோலிலும் சாற்றிலுமுள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கக்கூடியவை என்பதால், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே வெளியில் இறங்க வேண்டும்.