கோட்டையும் பாதுகையும்

யப்பானியர் காலணியைக் கழற்றாது இல்லத்துட் புகார் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், வில்லும் வாளுந் தாங்கிய வீரர் காத்துநின்ற பழங்கோட்டைகளுள்ளும் இவ்வழக்கு நிலவுகின்றதென்பதை நம்மிற் பலர் அறியார்.

ஹிமேஜி நகரிலே வெண்சுதை தீற்றிய பெருங்கோட்டையொன்று உண்டு. இக்கேடா தெருமசா என்னும் பிரபு எடுப்பித்த அதன் நடுமாடம் 1609இல் நிறைவெய்தியது. 1945இல் விமானக் குண்டுகளால் நகரம் எரிந்தபோதும் அது தப்பிநின்றது. இத்தகைய பழைய நடுமாடங்கள் அந்நாடு முழுவதிலும் இன்று பன்னிரண்டே எஞ்சியுள்ளன. ஹிமேஜி மாடத்தின் உள்ளெல்லாம் மரம். காணவருவோர் வாயிலிலே சப்பாத்தைக் கழற்றிப் பையிலிட்டு, அதனைத் தாமே காவிக்கொண்டு ஏறுதல் வேண்டும். அடியிற் சிக்கிய மணலும் பரலும் நானூறாண்டு கண்ட பலகையை அரம்போல் அராவிவிடுமன்றோ? மரியாதை ஒருபுறமிருக்க, மரத்தின் உயிரும் இவ்வழக்கிலே தங்கியுள்ளது.

ஏறுதலும் எளிதன்று. மற்சுமோட்டோக் கோட்டையிற் படியொன்றின் சாய்வு 61 பாகை; படியென்பதினும் ஏணியென்பதே பொருந்தும். வழவழத்த பலகையிற் காலுறை வழுக்கும்; மாரியிலோ தரை பனிக்கட்டிபோற் குளிரும். கிழிந்த காலுறையோடு சென்றவர் படும் நாணத்தைச் சொல்லவும் வேண்டுமோ!

கியோத்தோவிலுள்ள நிஜோக் கோட்டையின் அரண்மனையிற் காலணியைத் தட்டில் வைத்துவிட்டு நடப்போர்க்கு வேறொரு பேறு உண்டு. அடிவைக்குந்தோறும் பலகையின் கீழுள்ள ஆணியும் இரும்புப் பற்றும் உராய்ந்து பறவைபோற் கீச்சிடும். வன்சப்பாத்தின் ஓசையில் அவ்வின்னொலி அமிழ்ந்தே போகும்.

ஹிடெயோசி பற்றிய கதையொன்றையும் ஈண்டுக் கூறல் தகும். நொபுநாகாவிடம் அவன் செருப்புக் காவும் ஏவலாளனாயிருந்த காலத்து, பனியிரவொன்றில் தலைவனின் செருப்பைத் தன் மார்பில் அணைத்து வெதுப்பிக் கொடுத்தானாம். மெய்யோ புனைவோ, அவ்வேவலாளனே பின்னர் நாடாண்டு, 1583இல் ஒசாக்காக் கோட்டையை எழுப்பத் தொடங்கினான். அவன் கட்டிய மாடம் 1615இல் எரிந்தொழிந்தது. இன்று அங்கு நிற்பது 1931இற் கொங்கிறீற்றால் அமைந்தது, மின்னுயர்த்தியும் உண்டு. அதனை அரும்பொருட்சாலை என்பேனன்றிக் கோட்டை என்னேன். செருப்புக் காவியவன் கோட்டையுட் சப்பாத்தோடு புகலாம். ஹிமேஜியிலோ வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் செருப்பைக் காவியே ஏறுகின்றனர்.