ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கேட்லாக்

பார்ட் நம்பர், படம், விலை மூன்றையும் ஏற்றிவிட்டால் ஆன்லைன் கேட்லாக் ரெடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கடைக்காரருக்கு அது போதும். ஒப்பிட்டு வாங்குகிறவனுக்குப் போதாது.

ஐ.ஆர்.எஃப்.இசட்.44என், ஐ.ஆர்.எல்.இசட்.44என் என்று இரண்டு மாஸ்ஃபெட். இரண்டுமே 55 வோல்ட். ஆன் ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் சூடு குறையும் இல்லையா? முதலாவதுக்கு அது 17.5 மில்லி ஓம், அடுத்ததுக்கு 22. வரிசைப்படுத்தினால் முதலாவதுதான் மேலே வரும். ஆனால் இரண்டு அளவும் கேட் முனையில் 10 வோல்ட் கொடுத்து எடுத்தவை. நம்ம ப்ராஜெக்ட் மைக்ரோகன்ட்ரோலர் தருவதோ 5 வோல்ட். அந்த 5 வோல்ட்டில் 25 மில்லி ஓமுக்கு மேல் போகாது என்று இரண்டாவதன் டேட்டாஷீட் உறுதி சொல்கிறது. முதலாவதன் டேட்டாஷீட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. பட்டியலை நம்பி அதை வாங்கி, பெரிய மோட்டாரை மாட்டினால் கையைச் சுட்டாலும் ஆச்சரியமில்லை!

எனவே ரெசிஸ்டன்ஸுக்குப் பக்கத்திலேயே கேட் வோல்டேஜ், வெப்பநிலை இரண்டுக்கும் தனிக் கட்டம் வையுங்கள். 0.022 ஓம், 22 மில்லி ஓம் என்று கலந்து எழுதாமல் ஒரே யூனிட்டுக்குக் கொண்டுவாருங்கள். டேட்டாஷீட்டில் இல்லாததைக் காலியாக விடுங்கள். சைபர் போட்டீர்களோ, அதுதான் பட்டியலில் முதல் ஆளாக வந்து நிற்கும்.