மூச்சைப் பாருங்கள், பிடிக்காதீர்கள்!

மாணவர்களே, முதலில் ஒரு சிறு சோதனை. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். இழுத்து விடுவது ஒரு முறை. எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பிறகு தங்கையிடமோ நண்பனிடமோ சொல்லி வையுங்கள்: ஒரு நாள், நீங்கள் கதைப் புத்தகத்தில் மூழ்கியிருக்கும்போது, உங்களுக்குத் தெரியாமல் அவர்களும் எண்ண வேண்டும். இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒத்துவராது. கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சு மாறிவிடுகிறது! அனுபவமுள்ள செவிலியர்கள் நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே, நோயாளி அறியாமல் மூச்சையும் எண்ணிவிடுவது இதனால்தான்.

இதயத்தைப் பார்த்து "சற்று நில்" என்றால் அது நிற்குமா? இரைப்பைக்கு ஓய்வு கொடுக்க நம்மால் முடியுமா? முடியாது. ஆனால் மூச்சுக்கு மட்டும் இரண்டு எசமானர்கள். பிடரிக்கு நேராக, மூளையின் அடியில் இருக்கும் முகுளம், நாம் தூங்கும்போதும் அதை ஓயாமல் நடத்திக்கொண்டிருக்கிறது. பேசவோ பாடவோ நாதஸ்வரம் ஊதவோ வேண்டுமென்றால் பெருமூளை குறுக்கிட்டு ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

மூச்சைக் கவனிக்கும் தியானம் இந்த இரட்டை ஆட்சியின் எல்லையில் நடப்பது. பெருமூளை விழித்திருந்து பார்க்க வேண்டும். ஆனால் அதிகாரம் செய்யக் கூடாது. பௌத்தர்கள் பாலி மொழியில் இதனை 'ஆனாபானசதி' என்றார்கள். (சதி என்றதும் சூழ்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள்! வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம் அது. விழிப்புடன் நினைவில் வைத்திருத்தல் என்று பொருள்.) நம் நாட்டு யோக மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு உண்டு. சிதம்பரம் பொற்சபையின் கூரை ஓடுகளும் அதே எண்ணிக்கை என்று சொல்வது வழக்கம். வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்குச் சரியாக 15 வரும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை என்று இன்றைய மருத்துவம் கூறும் அளவுக்குள் அது அடங்கிவிடுகிறது.

பிராணவாயு அல்ல, கரியமில வாயு

"ஆழமாக மூச்சை இழு, மூளைக்கு நிறையப் பிராணவாயு போகும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது சரியல்ல. உடல்நலமுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபின் 95 முதல் 100 சதவீதம் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டுவிடுகிறது. கொரோனா பரவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பல வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்தார்களே ஒரு சிறு கருவி, அது காட்டியது இந்த அளவைத்தான். நிரம்பி வழியும் பேருந்தில் மேலும் எத்தனை பேரை ஏற்ற முடியும்?

மூச்சை வலிந்து இழுத்து விட்டால் பெரிதும் மாறுவது கரியமில வாயுவின் அளவே. மூச்சின் வேகத்தை முடிவு செய்வதில் இந்த வாயுவுக்குத்தான் முதலிடம் என்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு அறிஞர்கள் 1905 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயு சிறிதளவு கூடினால்கூட மூச்சு மிகுந்துவிடும். மூச்சை அடக்கினால் நெஞ்சு முட்டுகிறதல்லவா? அது பெரும்பாலும் பிராணவாயு தீர்ந்ததற்கான அறிவிப்பு அன்று. கரியமில வாயு சேர்ந்ததற்கான எச்சரிக்கை மணி.

இந்த மணியோடு விளையாடுவது ஆபத்து. புஸ் புஸ் என்று வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். தரையில் உட்கார்ந்திருந்தால் இத்தோடு போயிற்று. கிணற்றிலோ குளத்திலோ 'யார் அதிக நேரம் முங்கியிருப்பது' என்று பந்தயம் கட்டி, இப்படி மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் என்ன ஆகும்? எச்சரிக்கை மணி அடிக்கத் தாமதமாகும். அதற்குள் பிராணவாயு தீர்ந்துவிடும். நெஞ்சு முட்டுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். நீச்சல் தெரியாதவர்கள் அல்ல, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். இந்தப் பந்தயத்தை யார் அழைத்தாலும் விளையாடாதீர்கள்.

நாடியில் தெரியும் உண்மை

பிராணவாயு கூடுவதில்லை என்றால், அமைதியான மூச்சினால் பயன்தான் என்ன? அதை உங்கள் மணிக்கட்டிலேயே பார்க்கலாம். கட்டைவிரலுக்குக் கீழே நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்று விரையும். மெதுவாக விடுங்கள், துடிப்பு தளரும். 1847 ஆம் ஆண்டிலேயே கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானியர் இதைப் பதிவு செய்தார். இளம் வயதினரிடம் இது தெளிவாகத் தெரியும் என்பதால் உங்களுக்கு எளிதில் கிடைத்துவிடும்.

மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் நரம்பே இதற்குக் காரணம். வண்டி மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல அது இதயத்தை இழுத்துப் பிடிக்கிறது. மூச்சை இழுக்கையில் பிடி தளர்கிறது, விடுகையில் இறுகுகிறது. அமைதியாக உட்கார்ந்தவரின் மூச்சு தானாகவே நிதானப்படும்போது, வெளிமூச்சும் நீளும். கயிறு பிடிக்கும் நேரமும் கூடும்.

செய்யும் முறையில் மந்திரம் எதுவும் இல்லை. முதுகு நிமிர்ந்து, தரையிலோ நாற்காலியிலோ உட்காருங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம், தூக்கம் வரும். மூக்கு நுனியில் காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிகிறதா? உள்ளே போகும் காற்று சற்றுக் குளிர்ச்சியாகவும், வரும் காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். மூச்சு குட்டையாக இருந்தால் குட்டையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்ணாக 1 முதல் 10 வரை எண்ணிவிட்டு மறுபடி 1-க்கு வாருங்கள். நாலாவது எண்ணுக்குள் மனம் கிரிக்கெட் மைதானத்துக்கோ நாளைய கணக்குப் பரீட்சைக்கோ ஓடிப்போயிருக்கும்! அதைக் கண்டுகொண்டு திரும்பி வருவதுதான் பயிற்சியே. ஓடாமல் இருப்பது அல்ல. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும்.

இதனால் மதிப்பெண் கூடும், ஞாபகசக்தி பெருகும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிவிட வேண்டாம். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, இதுபோன்ற கவனப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார்கள். 2022 இல் முடிவு வெளியாயிற்று. வகுப்புக்கு வகுப்பு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததில், வழக்கமான பாடத்திட்டத்தைவிட மனநலத்துக்குக் கூடுதல் பயன் தென்படவில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை என்பதும் தெரியவந்தது. (நம் வீட்டுப்பாடத்தின் நிலைமையும் அதுதானே!) ஆகவே, விரும்பியவர்கள் செய்து பார்க்கலாம், கட்டாயப்படுத்திச் செய்விக்கும் காரியம் அல்ல இது.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு ஏற்படும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதம் தரையில் படும் உணர்வையோ, தெருவில் கேட்கும் ஒலிகளையோ அதே முறையில் கவனிக்கலாம். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள், இதைச் செய்கிறோம் என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது.