காற்றழுத்தமானியும் மாலை மழையும்

விடியலில் மழை பெய்தால் பால்மரத்தின் பட்டை நனைந்து, பால் கோப்பையில் சேராமல் வழிந்தோடும். ஆகவே, கோலா கங்சாரில் வாழும் நாம் மழையை முன்னறிய விரும்புவது இயல்பே. வீட்டில் வானிலைக் கருவி வைப்போர் முதலில் அதன் காற்றழுத்த அளவைச் சரிசெய்தல் வேண்டும். ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்திற்கு அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். 45 மீட்டர் உயரத்திலுள்ள வீட்டில் 5 கூட்டினால் கடல்மட்ட அளவு கிடைக்கும். அதனை அதே நேரத்து ஈப்போ விமான நிலைய வானிலை அறிக்கையுடன் ஒப்பிடலாம்.

எனினும், கருவி காட்டும் மேகப்படத்தை அப்படியே நம்பலாகாது. நம் நாட்டில் காலை 10 மணியளவில் உயர்ந்து நிற்கும் அழுத்தம், பிற்பகல் 4 மணிக்குள், மழை வந்தாலும் வராவிட்டாலும், 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் தாழும். கதிரவன் காற்று மண்டலத்தைச் சூடாக்குவதால் நாள்தோறும் நிகழும் ஏற்றத்தாழ்வு இது. குளிர்நாடுகளுக்கென அமைந்த கருவியோ இதனை மழைக்குறியென எண்ணிவிடும்! நேற்றைய 4 மணி அளவோடு இன்றைய 4 மணி அளவை ஒப்பிடுவதே முறை. மாலை இடிமழைக்கு, பூபு மலைமேல் திரளும் கருமேகத்தையும் நாம் நோக்க வேண்டும்.