சொந்தக்காரர் வரவில்லை, வண்டி போகவில்லை!
விழுப்புரம், திண்டிவனம் ஸ்டாண்டுக்காரர்களின் தலைவலி

விடியற்காலையில் விழுப்புரம் சந்திப்புக்குப் போய்ப் பாருங்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் சாரை சாரையாக வந்து சேரும். வண்டியை ஸ்டாண்டில் விடுவார்கள். டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைகளில் பாதை பிரியும் ஊர் அல்லவா? திண்டிவனத்திலும் இதே காட்சிதான். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் ஊர் அது.

மாலையில் டோக்கனை நீட்டி அவரவர் வண்டியை எடுத்துப் போவார்கள். ஒன்றிரண்டு மட்டும் நின்றுவிடும். சொந்தக்காரர் நாளை வருவார் என்று ஸ்டாண்டுக்காரர் நினைப்பார். நாளை வாரமாகும், வாரம் மாதமாகும். சக்கரத்தில் காற்று இறங்கும். இருக்கை கிழியும். சங்கிலி துருப்பிடிக்கும். வண்டி மட்டும் நகராது.

ஏன் வருவதில்லை?

வண்டியை வேண்டுமென்றே கைவிடுகிறவர் சிலர். தவணை கட்ட முடியாதவர், கடன் கொடுத்தவர் கண்ணில் படாமல் ஸ்டாண்டில் ஒளித்து வைப்பார். பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையை மிஞ்சும்போது, "அங்கேயே கிடக்கட்டும்" என்று விட்டுவிடுவாரும் உண்டு.

வர முடியாமல் போனவர்களும் உண்டு. ஒருவர் வெளியூரில் நோயில் விழுந்திருக்கலாம். இறந்தே போயிருக்கலாம். வண்டி எங்கே நிற்கிறது என்பதே அவர் வீட்டாருக்குத் தெரியாது. இன்னும் சில வண்டிகள் திருட்டு வண்டிகள். திருடியவன் அதில் ரயிலடி வரை வந்து, டோக்கனை வீசிவிட்டு ரயில் ஏறிவிடுவான்.

பார்வைக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். எது கைவிட்டது, எது களவு போனது, எது இறந்தவருடையது என்று ஸ்டாண்டுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வாடகை என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 3,650 ரூபாய். மூன்று ஆண்டில் 10,950 ரூபாய். பழைய மொபெட் ஒன்றுக்கு அந்த விலை கிடைக்குமா என்பதே சந்தேகம். பிறகு சொந்தக்காரர் வந்தாலும் பாக்கியைக் கேட்டதும் திரும்பிப் போய்விடுவார்.

நஷ்டம் இதோடு நிற்பதில்லை. பஸ் நிலைய ஸ்டாண்டை நகராட்சியிடமும், ரயிலடி ஸ்டாண்டை ரயில்வேயிடமும் குத்தகைக்கு எடுப்பது வழக்கம். குத்தகைப் பணத்தைத் தவறாமல் கட்டியாக வேண்டும். பத்து வண்டி அசையாமல் நின்றால் பத்து இடத்தின் வருமானம் போயிற்று.

இந்த நேரத்தில்தான் பழைய இரும்பு வியாபாரி வருவார். "என்ன அண்ணே, சும்மா கிடக்குது. எடைக்குப் போட்டுடுங்க" என்பார். ஆசை யாரைத்தான் விட்டது?

விற்றால் வம்பு!

இங்கேதான் எச்சரிக்கை தேவை. டோக்கன் கொடுத்து வண்டியை ஏற்றுக்கொண்டவர் அதைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டவராகிறார். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு, சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்கிறது. எத்தனை நாள் ஆனாலும் வண்டி சொந்தக்காரருடையதே. வாடகை பாக்கி நிற்பதால் அது ஸ்டாண்டுக்காரர் சொத்தாகிவிடாது.

இதே சட்டத்தின் 169-வது பிரிவைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். சேர வேண்டிய செலவு பொருளின் விலையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால் விற்கலாம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது காணாமற்போன பொருளைக் கண்டெடுத்தவருக்குச் சொன்ன விதி. டோக்கன் கொடுத்து வாங்கி வைத்தவர் கண்டெடுத்தவர் ஆவாரா?

நம்பி விட்ட பொருளை நேர்மையின்றி விற்றால் அது நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவின் கீழ் குற்றம். களவு வண்டி என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ கை மாற்றினால் 317-வது பிரிவும் சேர்ந்து வரும். சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டுக் கோர்ட்டுப் படி ஏறுவானேன்?

"வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறதே என்பார்கள். டெல்லி ஓட்டல் ஒன்றில் சாவியோடு ஒப்படைத்த கார் 1998-ல் திருட்டுப் போயிற்று. அந்த வழக்கில் 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஓட்டல் தரப்பின் அஜாக்கிரதையை அந்த அச்சு வாசகம் மூடி மறைக்காது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆனால் தக்க கவனத்தோடு காத்தும் சேதம் நேர்ந்தால் சட்டம் ஸ்டாண்டுக்காரரைத் தண்டிப்பதில்லை. 2024 டிசம்பர் முதல் நாளை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கமாட்டார்கள். ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?

நேர் வழி எது?

முதலாவது, கணக்குப் புத்தகம். வண்டி எண், வந்த தேதி, டோக்கன் எண் மூன்றும் அன்றன்றே பதிவாக வேண்டும். பதினைந்து நாள் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பட்டியல் போட வேண்டும். நிற்கும் நிலையில் ஒரு படமும் எடுத்து வைப்பது நல்லது.

இரண்டாவது, எண்ணைப் பார்ப்பது. டி.என். 32 என்றால் விழுப்புரம், டி.என். 16 என்றால் திண்டிவனம், பி.ஒய். என்றால் புதுச்சேரி. சொந்தக்காரர் விலாசம் போக்குவரத்து அலுவலகப் பதிவில் இருக்கும். விலாசம் கிடைத்தால் பதிவுத் தபாலில் நோட்டீசு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பல நேரங்களில் இந்த ஒரு கடிதமே விஷயத்தை முடித்துவிடும்.

மூன்றாவது, போலீசாருக்கு எழுத்து மூலம் பட்டியல் கொடுப்பது. ரயிலடி என்றால் இருப்புப்பாதை போலீசாரிடம் கொடுக்கலாம். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்க மறக்கக்கூடாது. பிறகு அது களவு வண்டி என்று தெரிய வந்தால், ஸ்டாண்டுக்காரருக்குக் கவசம் அந்தத் துண்டுக் காகிதம்தான்.

சந்தேகத்துக்குரிய வண்டியைப் போலீசார் கைப்பற்றினால் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகும். சொந்தக்காரர் யாரென்று தெரியாவிட்டால், ஆறு மாதத்துக்குள் வந்து உரிமை கோரும்படி அறிவிப்பு வெளியாகும். யாரும் வராவிட்டால் அரசு அதை ஏலம் போடலாம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503, 504-வது பிரிவுகள் இவை. விலை பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே என்றால் முன்னதாகவே விற்க உத்தரவிடவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

களவு வண்டி அல்ல, வாடகைத் தகராறு மட்டுமே என்றால் வழி சிவில் கோர்ட்டு. ஒரு மொபெட்டுக்காக யார் வழக்குப் போடுவார்கள்? ஆகவேதான் வண்டிகள் மூலையில் கிடந்து மட்கிப் போகின்றன.

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீடுகள் உண்டு. ஒருவர் நிலத்தில் வாடகை கொடுத்து வீட்டை நிறுத்திக் குடியிருப்பார்கள். வாடகை பாக்கி ஏறினால் வீட்டையே விட்டுவிட்டுப் போய்விடுவாரும் உண்டு! அங்கேயும் நிலக்காரர் நினைத்தபடி அதை இடித்துவிட முடியாது. கலிபோர்னியாவில் 60 நாள் வாடகை நின்றிருக்க வேண்டும். வீட்டில் 30 நாள் நோட்டீசு ஒட்ட வேண்டும். பிறகு கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் 1977-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் எளிய வழி காட்டுகிறது. பொருளை வைத்திருப்பவர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விற்கலாம். தமக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் சொந்தக்காரருக்குத் தர வேண்டும். சிறு ஸ்டாண்டுக்காரருக்கு இப்படி ஒரு நேர் வழி நம் நாட்டிலும் இருந்தால், இருவருக்குமே நன்மை அல்லவா?

வண்டி விடுவோருக்கு ஒரு வார்த்தை

ஒரு வாரத்துக்கு மேல் வெளியூர் போவதானால் ஸ்டாண்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டுப் போங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தால் அதையும் எழுதிக் கொடுத்து, பதிவுப் புத்தகத்தை முறைப்படி ஒப்படையுங்கள்.

ஸ்டாண்டுக்காரர் காப்பது வெறும் இரும்பை அல்ல. அது ஒரு குடும்பத்தின் சேமிப்பாக இருக்கலாம். திருட்டுக் கொடுத்தவரின் கடைசி நம்பிக்கையாகவும் இருக்கலாம். அதை விற்காமல் காத்து நிற்பவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி, விட்ட வண்டியைப் போய் எடுப்பதுதான்!