நிறைந்துவிட்டதை யார் சொல்வது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓஷ்கோஷ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் அங்கே விமானத் திருவிழா நடக்கும். அந்த ஒரு வாரத்தில் சுமார் 10,000 விமானங்கள் அந்த வட்டாரத்துக்கு வந்து சேரும். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானங்கள்தான் அதிகம். அத்தனை விமானிகளும் வானொலியில் பேச ஆரம்பித்தால் யார் சொல்வதும் யார் காதிலும் விழாது, இல்லையா? அதனால் ஓர் அழகான ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பக்கத்திலுள்ள ஃபிஸ்க் என்ற சிற்றூரின் மேல் விமானம் வரும்போது, தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர் அதன் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டு, "இறக்கையை ஆட்டுங்கள்" என்பார். விமானி வாயே திறக்க மாட்டார். இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பார். 'கேட்டுவிட்டது' என்று பதில்!

இந்த உரையாடலைப் பொதுமக்களும் கேட்கலாம். அதற்குக் கையடக்க ஸ்கேனர் வேண்டும். அது ஒரு வகை ரேடியோதான். பேச முடியாது, கேட்க மட்டுமே முடியும். விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் நடக்கிறது. ஸ்கேனர் ஒவ்வோர் அலைவரிசையாகத் தாவித் தாவிப் பார்க்கும். எங்கே குரல் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். பேச்சு முடிந்ததும் மறுபடி தாவும். ஒரு நொடியும் சும்மா இருக்காது. யாரும் பேசாதபோதும் அது மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கும்.

அதனால்தான் ஸ்கேனர் வைத்திருப்பவர்களிடம் ஒரு புகாரை அடிக்கடி கேட்கலாம்: "ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன். காலையில் ஒரு மணி நேரத்தில் அணைந்துவிட்டது." உடனே பேட்டரி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் பேட்டரி மேல் தவறு இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்த ஸ்கேனர்கள் பலவற்றில் நாம் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே அளவுச் செல்கள்தான் இருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய வகை. முன்பு நிக்கல் காட்மியம் செல்கள் இருந்தன. 1899-இல் ஸ்வீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் கண்டுபிடித்தது அது. காட்மியம் நச்சு உலோகம். அந்தச் செல்களின் இடத்துக்கு இப்போது நிக்கல் உலோக ஹைட்ரைடு செல் வந்துவிட்டது. இதற்குள்ளே நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. சார்ஜ் ஏற்றும்போது செல்லுக்குள் இருக்கும் நீர் பிரிந்து, அதிலுள்ள ஹைட்ரஜன் ஒரு கெட்டியான உலோகக் கலவைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. உலோகத்துக்குள் வாயு! ஸ்கேனரைப் போட்டதும் அந்த ஹைட்ரஜன் வெளியே வந்து மறுபடி நீராகிறது. வருகிற வழியில் எலக்ட்ரான்களைக் கம்பி வழியாக அனுப்பிவைக்கிறது. அந்த எலக்ட்ரான் ஓட்டம்தான் நமக்குக் குரலாகக் கேட்கிறது.

சரி, உள்ளே இடம் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? வருகிற மின்சாரம் அப்படியே நின்றுவிடாது. அது வேறு வேலையைத் தொடங்கும்: நேர்முனையில் ஆக்சிஜனை உண்டாக்கும். அந்த ஆக்சிஜன் எதிர்முனைக்குப் போய், அங்கே குடியிருக்கும் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகும். வெப்பம் கிளம்பும். செல் சுடும். மின்சாரம் கொஞ்சமாக வந்தால் அந்த வெப்பம் மெல்ல வெளியேறிவிடும். நிறைய வந்தால் உள்ளே அழுத்தம் கூடி, செல்லின் தலையில் உள்ள பாதுகாப்புத் துளை திறந்து வாயு வெளியேறும். அப்படி இழந்த ஈரம் திரும்பக் கிடைக்காது. செல்லின் ஆயுள் குறையும்.

ஆகவே சார்ஜ் ஏற்றுவதில் கடினமான பகுதி, எப்போது நிறுத்துவது என்பதுதான். நல்ல சார்ஜர்கள் இதற்கு ஒரு நுட்பமான வழி வைத்திருக்கின்றன. செல் நிறைய நிறைய அதன் வோல்ட் ஏறிக்கொண்டே வரும். நிறைந்து சூடானதும் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு மட்டும் இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தைப் பிடித்து, சார்ஜர் தானே நின்றுவிடும்.

பல ஸ்கேனர்களுக்குள் இருக்கும் சார்ஜ் சுற்றுக்கு இவ்வளவு அறிவு கிடையாது. அது நேரத்தை மட்டும் எண்ணும். மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததா என்று எட்டிப் பார்க்காமல், 'அரை மணி மோட்டார் ஓடினால் போதும்' என்று அணைப்பது போல. தொட்டி அதே தொட்டியாக இருக்கும்வரை இந்தக் கணக்கு சரியாக வரும். வேறு அளவுத் தொட்டி வைத்துவிட்டால்?

அதுதான் ஸ்கேனரில் நடக்கிறது. செல்லின் மேல் 600, 2000, 2400 என்று ஓர் எண்ணோடு மில்லி ஆம்பியர் மணி என்ற அளவு அச்சிட்டிருக்கும். அது எவ்வளவு கொள்ளும் என்பதன் அளவு. 600 எண் உள்ள பழைய செல்லுக்காகச் செய்த ஒரு ஸ்கேனர், 60 மில்லி ஆம்பியர் வீதம் சார்ஜ் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 600-ஐ 60-ஆல் வகுத்தால் 10 மணி நேரம். வழியில் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். அதற்கும் சேர்த்து 14 மணி நேரம் வைத்திருப்பார்கள். இப்போது அதில் 2400 எண் உள்ள புதுச் செல்லைப் போடுங்கள். 2400-ஐ 60-ஆல் வகுத்தால் 40. வீணாவதையும் சேர்த்தால் 56 மணி நேரம். இரண்டு நாளுக்கும் மேல்! ஸ்கேனரோ 14 மணி நேரத்தில் 'முடிந்தது' என்று சொல்லிவிடும். உள்ளே இருப்பது ஏறக்குறையக் கால்வாசிதான். பெரிய செல் வாங்கியவருக்கு ஏமாற்றம். பாவம், செல் மேல் பழி விழுகிறது. சார்ஜ் போட்டுக்கொண்டே ஸ்கேனரைக் கேட்டாலும் இதே கதைதான். வருகிற மின்சாரத்தில் பெரும்பகுதியை ஸ்கேனரே எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அல்கலைன் செல் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட். சில ஸ்கேனர்களில் செல் வைக்கும் இடத்துக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். எந்த வகைச் செல் என்று அதில் சொல்ல வேண்டும். சில ஸ்கேனர்களில் செல்களை வைக்கும் கூடே இரண்டு நிறத்தில் வரும்: சார்ஜ் ஏற்றும் செல்லுக்கு மஞ்சள், மற்றதற்குக் கறுப்பு. ஸ்விட்ச் மாறியிருந்தால், இன்னும் சார்ஜ் உள்ள செல்லையே 'தீர்ந்துவிட்டது' என்று ஸ்கேனர் எச்சரிக்கலாம். அதைவிட மோசம், அல்கலைன் செல்லுக்கு சார்ஜ் ஏற்றுவது. அது அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. உள்ளே வாயு சேர்ந்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரப்பொருள் கசியும். சுருள்வில் போன்ற உலோகத் தொடுமுனைகளில் வெள்ளைப் பொடி படிந்து அரித்துவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல செல் போட்டாலும் மின்சாரம் சரியாகப் போகாது. அந்தப் பொடியை நீங்கள் தொடாதீர்கள். தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாது. வீட்டுப் பெரியவர்கள் கையுறை போட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும். காரத்தை அமிலம் சமன் செய்துவிடும், பாடத்தில் படித்தீர்களே!

செல்களை ஜோடி மாற்றிப் போடுவதும் கெடுதல். வரிசையாக இணைத்த செல்களில் ஒன்று மட்டும் முதலில் காலியானால், மற்றவை அதன் வழியாகத் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளும். அதன் நேர்முனை எதிர்முனையாகிவிடும்! ஒன்றாக வாங்கிய செல்களின் மேல் ஒரே தேதியை எழுதி ஒட்டி, எப்போதும் சேர்த்தே பயன்படுத்துவது நல்லது.

மாதக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்த செல்லும் ஏமாற்றும். சும்மா இருந்தாலே சார்ஜ் கசிந்து குறைந்துகொண்டிருக்கும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில், ஓர் ஆண்டு கழித்தும் பெரும்பகுதி சார்ஜைக் காப்பாற்றும் செல்லைக் கொண்டுவந்தது. எப்போதாவது மட்டும் ஸ்கேனரை எடுப்பவர்களுக்கு அந்த வகைதான் பொருத்தம்.

உங்கள் வீட்டிலும் சார்ஜ் செய்யும் செல் இருக்கலாம். அதன் மேலுள்ள எண்ணைப் பாருங்கள். பெரியவர்களிடம் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றித் தரச் சொல்லி, அதன் முதுகில் வெளியேற்றும் மில்லி ஆம்பியர் எவ்வளவு என்று தேடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, வந்த விடையோடு அதில் ஏறக்குறையப் பாதியைக் கூட்டுங்கள். சாதாரண சார்ஜராக இருந்தால், அத்தனை மணி நேரம் அந்தச் செல்லுக்குத் தேவை.